வெள்ளைத் துண்டு வீசும் வரை

போன வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊர் மீன்பிடித் திருவிழா. பொழுது விடிவதற்கு முன்பே எங்கள் ஊர்க் கண்மாய்க்கரை நிறைந்துவிட்டது. மேலூர்ப் பக்கம், கொட்டாம்பட்டிப் பக்கம், சிங்கம்புணரியிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். டாடா ஏஸ் வண்டிகளில் மீன் பிடிக்கும் கூடைகளான ஊத்தாக்களை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். ஒரு பைக்கில் வந்த மூன்று பேரில் நடுவில் இருந்தவர் ஊத்தாவைத் தலைவழியாக மாட்டிக்கொண்டு வந்தார். கரை முழுக்க ஆயிரம் பேருக்கு மேல் இருப்பார்கள். அத்தனை பேரும் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் காலும் தண்ணீரில் படவில்லை.

எனக்கு அந்த நேரம்தான் ரொம்பப் பிடிக்கும். மடைப்பக்கம் இருக்கிற கருப்பசாமிக்குத் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டுவார்கள். அப்புறம் ஊர்ப் பெரியவர் கலுங்கு மேட்டில் ஏறி நின்று தோளில் கிடக்கும் வெள்ளைத் துண்டை எடுத்து வீச வேண்டும். அதற்கு முன்னால் இறங்கக் கூடாது. ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்த நாளிலிருந்து அந்தத் துண்டு வீசும் வரைக்கும் ஊரில் ஒருவரும் அதில் தூண்டில்கூடப் போடுவதில்லை. பக்கத்து ஊர்களில் பல கண்மாய்களை மீன் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். எங்கள் ஊர் மட்டும் இந்த ஒரு நாளுக்காக விட்டு வைத்திருக்கிறது.

நான் ஒத்தக்கடையில் தையல் கடை வைத்திருக்கிறேன். பதிமூன்று வயது மகனைக் கூட்டிக்கொண்டு முதல் நாள் ராத்திரியே ஊருக்குப் போயிருந்தேன். கடைக்கு வரும் ஒரு அக்கா, "ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் மேலூரிலேயே விரால் கிடைக்கும், இதற்காகக் கடையைப் பூட்டிவிட்டுப் போய்ச் சேற்றில் இறங்கணுமா?" என்று கேட்டார். சட்டென்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் அய்யா, அதாவது அப்பாவைப் பெற்றவர், முயல் வேட்டைக்காரர். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே வேட்டையை விட்டுவிட்டார். பேச்சை மட்டும் விடவில்லை. கன்னி ஜாதி நாய் ஒன்று வைத்திருந்தார். கருப்பு உடம்பு, புருவத்துக்கு மேல் இரண்டு செம்பொட்டு. அந்த ஜாதி மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடும். அறுப்பு முடிந்த தரிசில் ஏழெட்டுப் பேர் வலையோடும் நாயோடும் போவார்களாம். பத்து நாளில் எட்டு நாள் வெறுங்கையோடு திரும்புவார்களாம். அந்த எட்டு நாளைப் பற்றிச் சொல்லும்போதுதான் அய்யாவுக்குக் குரல் ஏறும். எந்தப் புதரில் முயல் படுத்திருந்த சூடு இருந்தது, காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, நாய் எந்த இடத்தில் ஏமாந்தது என்று நேற்று நடந்தது போலச் சொல்வார். பிடித்த கதையை இரண்டே வரியில் முடித்துவிடுவார்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அய்யா செய்ததை இன்றைக்கு யாரும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல், கௌதாரி, உடும்பு எதைப் பிடித்தாலும் குற்றம். உரிமம் வாங்கி வேட்டையாடும் வழியும் 1991 திருத்தத்தோடு அடைபட்டுவிட்டது. ராத்திரியில் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு போய், கண் கூசி நிற்கிற முயலை அடிக்கிறவர்களை அய்யாவுக்கு அறவே பிடிக்காது. "தப்பிச்சு ஓட வழி இல்லாத உசிரப் பிடிக்கிறதுக்குப் பேரு வேட்டை இல்ல தாயி, அது திருட்டு" என்பார். வயலைச் சுற்றி மின்சாரக் கம்பி கட்டுவது, குளத்தில் மருந்தைக் கலக்குவது, வெடித் தோட்டா போடுவது எல்லாவற்றையும் நான் அந்தக் கணக்கில்தான் சேர்க்கிறேன்.

சரி, கண்மாய்க்கு வருகிறேன். துண்டு வீசியதும் எழுந்த சத்தத்தை எழுத்தில் கொண்டு வர முடியாது. கரை அப்படியே சரிந்து தண்ணீரில் விழுந்தது போல இருந்தது. தெளிந்திருந்த தண்ணீர் ஐந்து நிமிடத்தில் குழம்புக் கரைசலாக மாறிவிட்டது.

முதல் தடவை இறங்குகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு நடுக்கண்மாய்க்கு ஓடுவது. கூட்டம் ஓடுவதைப் பார்த்து நாமும் ஓடுவோம். மீனும் அந்த நேரம் ஆழத்துக்குத்தான் ஓடும். ஆனால் ஆயிரம் பேர் கலக்கிய ஆழத்தில் அதனால் நிற்க முடியாது. சேறு கலங்கக் கலங்க மூச்சு முட்டித் திரும்பவும் ஓரத்துக்கு வரும். கோரைப் புல் இருக்கும் ஓரம், தலை கவிழ்ந்த கருவேலமர நிழல், பழைய வரப்பு மேடு, இந்த மாதிரி இடங்களில் அரை மணி நேரம் கழித்து மீன் ஒதுங்கும். "மீன் இருக்கிற எடத்தப் பாக்காத, போற எடத்தப் பாரு" என்று சித்தப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். அது அய்யா முயலுக்குச் சொன்னது. சித்தப்பா மீனுக்கு மாற்றிக்கொண்டார்.

ஊத்தா தெரியாதவர்களுக்கு: அடியிலும் மேலேயும் திறந்த கூடை. அடி அகலம், மேல் வாய் கை நுழையும் அளவு. அந்தக் காலத்தில் மூங்கில் பிளாச்சில் செய்து நார் போட்டுக் கட்டுவார்கள். இப்போது இரும்புக் கம்பியில் செய்து நைலான் கயிறு சுற்றியது நிறைய வந்துவிட்டது. இரும்பு நன்றாகச் சேற்றில் இறங்கும், ஆனால் ஒரு மணி நேரத்தில் தோள்பட்டை விட்டுப்போகும். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் நான் மூங்கிலைத்தான் சொல்வேன். இரண்டு கையாலும் மேல் விளிம்பைப் பிடித்து நேராகக் குத்த வேண்டும். சாய்த்துக் குத்தினால் ஒரு பக்கம் இடைவெளி விழும், விராலுக்கு அது போதும். குத்திய உடனே தூக்கிவிடக் கூடாது. அப்படியே அமுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். உள்ளே மீன் இருந்தால் அது ஊத்தாவில் மோதும். அந்த மோதல் விளிம்பு வழியாக உள்ளங்கைக்கு வரும்.

அந்த இடத்தில் உடம்பு முழுக்கக் காதாகிவிடுகிறது. சுற்றிலும் அத்தனை பேர் கத்துகிறார்கள், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தையல் மிஷினில் நூல் அறப்போவதற்கு முன்னால் விரலுக்குத் தெரியும். இதுவும் கிட்டத்தட்ட அப்படித்தான். முதலில் ஒரு சின்னத் தட்டல். கெண்டை என்றால் படபடவென்று அடித்துவிட்டு ஓயும். விரால் ஒரு தடவை முட்டிவிட்டு அமைதியாகிவிடும். அதற்குள் அது சேற்றைத் துளைத்து இறங்கப் பார்க்கிறது என்று அர்த்தம். மேல் வாய் வழியாகக் கையை விட்டுத் தேடினேன். சேறு, கோரை வேர், ஒரு நத்தைக் கூடு. அப்புறம் வழுவழுவென்று, குளிர்ச்சியாக, என் முழங்கைத் தடிமனில் ஒன்று நகர்ந்தது.

விராலை நடு உடம்பில் பிடித்தால் கையில் நிற்காது. தலைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் விரல் கொடுத்து அப்படியே தரையோடு அமுக்க வேண்டும். அமுக்கிக்கொண்டே செவுளுக்குள் விரலை நுழைத்துவிட்டால் வரும். வெளியே எடுத்தபோது அது வாயைத் திறந்து ஒரு மூச்சு வாங்கியது. விரால் வெறும் காற்றையும் சுவாசிக்கிற மீன், அதனால் தண்ணீரை விட்டு வந்ததும் சாகாது. ஒன்றரைக் கிலோ இருக்கும். அதன் கண் என்னைப் பார்த்தது என்று சொன்னால் கதை மாதிரி இருக்கும். ஆனால் அந்த எடை, அந்தத் திமிறல், அது உயிரின் எடை என்பது கைக்குத் தெரிந்தது. மேலூர்ச் சந்தையில் ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கும் மீனில் அது வருவதில்லை. அங்கே எனக்குப் பதிலாக யாரோ அந்த எடையைத் தாங்கியிருக்கிறார்கள்.

அந்த அக்காவுக்கு நான் சொல்ல நினைத்த பதிலில் பாதி இதுதான்.

இரண்டாவது மீன் எனக்கு வேறு பாடம் சொல்லிக் கொடுத்தது. ஊத்தாவில் தட்டல் கேட்டதும் விரால் தந்த தைரியத்தில் கையை அப்படியே விட்டுப் பிடித்தேன். கெளுத்தி. முதுகில் ஒரு முள், செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று, ஆக மூன்று. முள்ளில் ரம்பம் போலப் பல் இருக்கும், குத்தினால் இழுக்கும்போதும் கிழிக்கும். வலது கட்டைவிரலில் நகத்துக்குப் பக்கத்தில் ஏறிவிட்டது. தோள் வரைக்கும் கடுத்தது. தையல்காரிக்குக் கட்டைவிரல் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. சித்தப்பா கரைக்குக் கூட்டிப் போய், டீக்கடையில் வெந்நீர் வாங்கிப் பொறுக்கிற சூட்டில் விரலை முக்கி வைக்கச் சொன்னார். கால் மணி நேரத்தில் கடுப்பு நன்றாகக் குறைந்தது. அன்று மதியமே டி.டி. ஊசியும் போட்டுக்கொண்டேன். சேற்றுத் தண்ணீரில் பட்ட காயம், அதை நாளைக்கு என்று தள்ளக் கூடாது. வீங்கினாலோ முள் முறிந்து உள்ளே தங்கினாலோ மருத்துவரிடம் போய்விட வேண்டும். தேளி மீன் குத்தினால் வலி இதைவிட மோசம் என்பார்கள். அதனால் உள்ளே இருப்பது என்ன என்று தெரியாதவரை முதலில் புறங்கையால் தடவிப் பாருங்கள். செதில் தட்டினால் கெண்டையோ விராலோ ஜிலேபியோ. செதிலே இல்லாமல் வழுக்கினால் கெளுத்தி என்று வைத்துக்கொண்டு துணியைச் சுற்றிப் பிடியுங்கள். ஜிலேபிக்கும் முதுகுத் துடுப்பில் முள் உண்டு, அதையும் மறக்க வேண்டாம்.

ஜிலேபி நம் ஊர் மீன் இல்லை. 1952இல் கொண்டுவந்து விட்டது, இன்றைக்கு எந்தக் கண்மாயில் ஊத்தா குத்தினாலும் பாதி அதுதான். சித்தப்பா வயதுக்காரர்கள் நாட்டு மீன்களான குரவை, அயிரை, உளுவை பெயர்களைச் சொல்லித் தேடுகிறார்கள். என் மகனுக்கு ஜிலேபிதான் கண்மாய் மீன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதுதான் முக்கியம். கண்மாயின் உள்வாயில் மண் அள்ளிய பள்ளங்கள் இருக்கின்றன. மேலே பார்த்தால் முழங்கால் தண்ணீர், ஓர் அடி எடுத்து வைத்தால் ஆள் மட்டம். முதல் நாளே ஊர்க்காரர் ஒருவரோடு நடந்து பள்ளங்களைத் தெரிந்துகொள்ளாமல் வெளியூர்க்காரர்கள் இறங்கக் கூடாது. மடைப்பக்கமும் போகக் கூடாது. பிள்ளைகளை முழங்கால் தண்ணீரோடு நிறுத்துங்கள், கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இருக்கட்டும். என் மகன் முகம் தூக்கிக்கொண்டான், பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். காலுக்குக் கருவேல முள் உண்டு, உடைந்த பாட்டில் உண்டு. செருப்பு சேற்றில் நிற்காது, பழைய கேன்வாஸ் ஷூவைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டால் நிற்கும். ஊத்தாவுக்குள் தண்ணிப்பாம்பு மாட்டினால் பதறாமல் ஊத்தாவைத் தூக்குங்கள், அது போய்விடும். அதை அடிக்கக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். அதுவும் நம்மைப் போல மீன் பிடிக்கத்தான் வந்திருக்கிறது.

விட வேண்டியவை வேறு சிலவும் உண்டு. மழைக்காலத்தில் கண்மாய் ஓரத்தில் சிவப்பாகப் புள்ளி புள்ளியாக ஒரு கூட்டம் மிதக்கும். விரால் குஞ்சு. அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்த நேரத்தில் தூண்டில் போட்டால் விரால் பாய்ந்து வந்து கடிக்கும், பசிக்காக இல்லை, குஞ்சைக் காக்க. அது தெரிந்து பிடிப்பதை எங்கள் ஊரில் கேவலமாகப் பேசுவார்கள்.

அப்பத்தா என்னை மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போகும்போதெல்லாம் பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார வைத்து நாரை கதை சொல்லும். குளம் வற்றிப்போன தேசத்திலிருந்து ஒரு நாரை பசியோடு இங்கே வந்தது. முனிவர்கள் முங்கிக் குளிக்கிறார்கள், அவர்கள் சடையில் பட்டு மீன்கள் துள்ளி விளையாடுகின்றன. இந்த மீனை எப்படித் தின்பது என்று நாரை பட்டினி கிடந்தது. சாமி வந்து என்ன வேண்டும் என்று கேட்டபோது, எனக்கு முக்தி கொடு, என் இனத்தார் வந்து இங்கே பாவம் செய்யாதபடி இந்தக் குளத்தில் மீனே இல்லாமல் செய் என்று கேட்டது. ஆவணி மூலத் திருவிழாவில் இந்த லீலை இன்றைக்கும் நடக்கிறது. சைவம் சாப்பிடுகிறவர்கள் இந்தக் கதையை ஒரு மாதிரி சொல்வார்கள். அப்பத்தா கறி, மீன் எல்லாம் சாப்பிடும். அது வேறு மாதிரி சொல்லும். "பசிச்சவன் விட்டாத்தான்டி விட்டது. பசிக்காதவன் விட்டா அதுல என்ன இருக்கு?" ஏழு மாதம் மீன் துள்ளுவதைப் பார்த்துக்கொண்டே கரையில் ஆடு மேய்க்கிற ஊரைப் பார்க்கும்போது எனக்கு அப்பத்தா சொன்னதுதான் நினைவுக்கு வரும்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விடவும் தெரியும். மேலூரிலிருந்து திருப்பத்தூர் போகிற வழியில் வேட்டங்குடி இருக்கிறது. 1977 முதல் பறவைகள் சரணாலயம். பக்கத்தில் இருக்கும் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அரிட்டாபட்டியை 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அங்கே மலைப்பாறையில் வல்லூறு தங்குகிற இடத்தைக் காட்டச் சொல்லி வெளியூரிலிருந்து கேமராவோடு வருகிறார்கள். சித்தப்பா ஒரு தடவை அவர்களோடு போனார். வெள்ளை எச்சம் வழிந்த பாறையைக் கீழிருந்தே கைகாட்டிவிட்டாராம். அய்யாவோடு தரிசில் நடந்த கண்.

மதியம் பன்னிரண்டு மணிக்குக் கரையேறினோம். செவுள் வழியாகப் பனை ஈர்க்கைக் கோத்து மீன்களைத் தூக்கிக்கொண்டு வந்தோம். எங்கள் வீட்டுக்கு இரண்டு விரால், ஏழு ஜிலேபி, நாலு கெளுத்தி, ஒரு கை கெண்டைக் குஞ்சு. சித்தப்பா மகனுக்கு ஒன்றுமே அகப்படவில்லை. கரையோரம் ஒருவர் தார்ப்பாயை விரித்து மீனைக் கூறு கட்டி விற்கத் தொடங்கினார். ஊர்ப் பெரியவர் போய் அவரிடம் பேசி எடுக்க வைத்தார். இந்த மீனை விற்கக் கூடாது, வீட்டில் சமைத்துச் சாமிக்குப் படைத்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். அப்போதுதான் மழை பெய்யும், கண்மாய் நிறையும் என்பது நம்பிக்கை. விலை வந்துவிட்டால் இறங்குகிறவன் நிதானம் போய்விடும் என்று நான் நினைக்கிறேன். இடுப்பளவு தண்ணீர் கழுத்தளவு ஆகும், சின்னக் குஞ்சைக்கூட விட மனது வராது.

கழுவும் வேலை எங்களுக்கு. விராலை அடுப்புச் சாம்பல் போட்டுப் பிடித்தால்தான் வழுக்காது. செதில் எடுத்து, கல்லில் தேய்த்து, கல்லுப்பும் புளித்தண்ணீரும் விட்டு நாலு தடவை அலசினால் சேற்று வாடை போகும். அவசரப்பட்டால் குழம்பே சேறாக மணக்கும். கெளுத்தி முள்ளை முதலில் வெட்டிவிட்டு அப்புறம் கையில் எடுங்கள். குழம்புக்கு நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், புளி, கொஞ்சம் மாங்காய். விராலைக் கடைசியில் போட்டால் போதும், கரண்டி போட்டுக் கிண்டக் கூடாது.

சமைப்பதற்கு முன்னால் கூறு போட வேண்டும். அய்யா காலத்தில் ஒரு முயலில் கறி ஒன்றரைக் கிலோ தேறினால் அதிகம். எட்டுப் பேருக்கு எட்டுக் கூறு, நாய்க்கு ஒன்று, வலைக்காரருக்கு ஒன்று, அன்றைக்கு வர முடியாமல் காய்ச்சலில் கிடந்தவருக்கும் ஒன்று. பத்து நாள் அலைந்து கடைசியில் ஒரு உள்ளங்கை கறி. அப்பத்தாதான் கூறு போடும். ஒரு கூறில் எலும்பு கூடினால் அதில் ஈரல் துண்டு ஒன்று விழும். அய்யா வேட்டையில் கெட்டிக்காரரா என்று ஒருநாள் கேட்டேன். "கூறுல சண்டை வந்ததே இல்ல" என்றது. கேட்டதற்கும் பதிலுக்கும் சம்பந்தமில்லை என்று அப்போது நினைத்தேன்.

முற்றத்தில் தேக்கு இலை பரப்பி ஆறு கூறு போட்டேன். எங்கள் வீடு, சித்தப்பா வீடு, வெறுங்கையோடு வந்த சித்தப்பா மகன், ஊத்தா இரவல் கொடுத்த மாமா, துணைக்கு வந்த பக்கத்து வீட்டுத் தம்பி, தெருக்கோடியில் தனியாக இருக்கும் அம்மாச்சி. விராலின் நடுத்துண்டு எல்லாவற்றிலும் ஒன்று இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். மகனைக் கூப்பிட்டுச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னேன். திரும்பிப் பார்க்கக் கூடாது. நான் ஒரு கூறின் மேல் விரலை வைத்து, "இது யாருக்கு?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தான். "அம்மாச்சிக்கு" என்றான்.

எல்லாக் கூறுக்கும் பெயர் சொல்லி முடித்ததும் ஓடி வந்து இலைகளைப் பார்த்தான். முதலில் அம்மாச்சி இலையை மடித்து எடுத்துக்கொண்டு, ஈரக் கால்சட்டையோடு தெருவில் இறங்கினான்.